மேலாதிக்கமும் இசைவும்: வஞ்சிக்காண்டத்தை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

‘மேலாதிக்கம்’ என்னும் சொல் இன்று நாளிதழ் முதல் ஆய்வேடு வரை யாண்டும் பயின்று வருகின்றது. வல்லரசுகளின் போக்கைக் குறிக்கவும், ஒரு மொழி பிறிதொரு மொழியை நெருக்குதலைக் குறிக்கவும், சாதியும் செல்வமும் சமுதாயத்திற் பெற்றுள்ள ஆற்றலைக் குறிக்கவும் இவ்வொரு சொல்லே எடுத்தாளப்படுகின்றது. மிகப் பயிலும் சொற்கள் பொருட்கூர்மை இழத்தல் இயல்பு. மேலாதிக்கம் என்ற அளவில் வாளும் சிறையும் வரியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், இக்கருத்தை உலக அறிஞர்க்கு நன்கு அறிமுகம் செய்தவர் அச்சொல்லால் உணர்த்த விரும்பியது வாள்வலியை மட்டும் அன்று. ஆளப்படுவார் தாமே உவந்து அளிக்கும் இசைவையே அவர் முதன்மையாகக் கருதினார்.

இவ்வேறுபாட்டை ஆராய்தற்கு ஏற்ற களமாகச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டத்தை யாம் எடுத்துக்கொள்கின்றோம். சேரன் செங்குட்டுவன் வடநாட்டு வேந்தர் தலையிற் கல்லேற்றிய வெற்றியைக் கூறுவது என்ற அளவிலேயே இக்காண்டம் பலரால் அறியப்பட்டுள்ளது. இருபதாம் நூற்றாண்டு மேடைகளில் அது தமிழர் வீரத்துக்குச் சான்றாகப் பன்முறை பேசப்பட்டது. வகுப்பறையில் யாமும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்து வந்தோம். மீண்டும் மீண்டும் பயிலுந்தோறும், காப்பியம் கூறுவது அதனின் வேறு என்பது புலப்படலாயிற்று. வாள்வலி எய்த இயலாத ஒன்றை இசைவு எய்துகின்றது என்பதையும், அவ்வாறு எய்துங்கால் சிலர் குரல் மறைகின்றது என்பதையும் இக்காண்டம் ஒருங்கே காட்டுகின்றது என்பது எம் துணிபு.

1. சொல்லும் பொருளும்

இக்கருத்தைக் குறிக்கும் மேனாட்டுச் சொல் கிரேக்க மொழியின் ‘எகெமோனியா’ என்பதாகும். முன்சென்று வழிநடத்துதல் என்பது அதன் அடிப்பொருள். பாரசீகப் படையெடுப்பு முறியடிக்கப்பட்டபின், கி.மு. 478ஐ ஒட்டிக் கிரேக்கத் தீவுகளும் கரையோர நகரங்களும் கூடி, தமக்குத் தலைமை ஏற்குமாறு ஏதென்ஸ் நகரை வேண்டின. டெலோஸ் தீவிற் பொதுக் கருவூலம் அமைந்தது. அத்தலைமை வேண்டிக் கொடுக்கப்பட்ட தலைமை ஆகும். நாளடைவில் அந்நிலை மாறியது. கூட்டணியினின்று விலக முயன்ற நகரங்கள் படையால் அடக்கப்பட்டன, கி.மு. 454இற் கருவூலமே ஏதென்ஸுக்கு மாற்றப்பட்டது. கி.மு. 416இல் பணிய மறுத்த மெலோஸ் தீவு முற்றுகைக்கு உள்ளாயிற்று. அது வீழ்ந்தபின் ஆடவர் கொல்லப்பட்டனர். பெண்டிரும் சிறாரும் அடிமையாயினர். வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதனை விரித்துரைத்துள்ளார். வேண்டிப் பெற்ற தலைமையை ‘எகெமோனியா’ என்றும், அடக்கி ஆளும் ஆட்சியை ‘ஆர்க்கே’ என்றும் கிரேக்கர் வேறுபடுத்திக் காணும் வழக்கம் உண்டு. ஏதென்ஸின் வரலாறு முன்னது பின்னதாகத் திரிந்த வரலாறு எனலாம்.

சீன மரபில் இச்சொல்லின் நிலை வேறு. கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய மென்சியஸ், அறத்தான் ஆள்பவனை ‘வாங்’ என்றும், அறம்போற் காட்டி வலிமையான் ஆள்பவனைப் ‘பா’ என்றும் பிரித்தார். இன்று சீனர் மேலாதிக்கம் என்னும் பொருளில் வழங்கும் சொல் இப் ‘பா’ என்பதன் வழிவந்ததே. 1972ஆம் ஆண்டு சாங்காய் நகரில் அமெரிக்காவும் சீனாவும் வெளியிட்ட கூட்டறிக்கையில், ஆசியா – பசிபிக் பகுதியில் இருவரும் மேலாதிக்கம் நாடலாகாது என்று கூறப்பட்டபோது, இப்பழம்பொருளே மேலோங்கி நின்றது.

தமிழில் ‘ஆதிக்கம்’ என்பது மிகுதி என்னும் பொருளுடைய வடசொல்லின் திரிபு. அதனோடு ‘மேல்’ என்பது சேர, மிகுதிமேல் மிகுதி ஆயிற்றேயன்றி, இசைவு என்னும் கூறு அதனுட் புகவில்லை. ‘மேலாண்மை’ என்னும் சொல்லை எடுத்தாண்டாரும் உளர். எனினும், அச்சொல் இன்று நிருவாகம் என்னும் பொருளிற் பெரிதும் நிலைத்துவிட்டது. ஆதலின், ‘இசைவாட்சி’ என்னும் சொல்லை வகுத்துக்கொண்டால் என்னை என்று யாம் முதற்கண் எண்ணினோம். அவ்வெண்ணத்தின் தகுதியைக் கட்டுரை முடிவில் மீண்டும் நோக்குவோம்.

2. கிராம்சி கண்ட பொருள்

அந்தோனியோ கிராம்சி 1891இல் சார்டீனியத் தீவிற் பிறந்தவர். இத்தாலியில் முசோலினி ஆட்சியின்போது 1926இற் சிறைப்பட்டு, 1937இல் இறந்தார். 1929 முதல் 1935 வரை அவர் எழுதிய குறிப்பேடுகள் உலகப்போருக்குப் பின்னரே அச்சாயின. 1971இல் வெளிவந்த ஆங்கிலத் தொகுப்பின் வாயிலாக அவை உலகெங்கும் பரவின.

அவரை வருத்திய வினா ஒன்று உண்டு. எண்ணிக்கையில் மிகுந்த மக்கள் சிலருடைய ஆட்சியை ஏன் ஏற்றுக்கொள்கின்றனர் என்பதே அது. அச்சத்தால் என்பது பாதி விடையே என அவர் கண்டார். ஒரு கூட்டத்தின் மேன்மை இருவகையில் வெளிப்படும். பகைவர்மீது அது அடக்குமுறையாக வெளிப்படும். தன்னைச் சார்ந்தவர்மீதும் சார்தற்குரியவர்மீதும் அறிவாலும் ஒழுக்கத்தாலும் ஆகிய தலைமையாக வெளிப்படும். பள்ளியும் கோயிலும் நூலும் விழாவும் இப்பின்னதை வளர்க்கும் இடங்கள். ஆள்வோர் தம் நலத்தை எல்லார்க்கும் உரிய நலமாகக் காட்டுவர். அதன்பொருட்டு ஆளப்படுவோரின் நம்பிக்கைகளுட் சிலவற்றை எடுத்துப் போற்றுவர். சில நலங்களை விட்டும் கொடுப்பர். அவ்வாறு ஆயபின், அவ்வாட்சி இயற்கையே போலத் தோன்றும். அதனை எவரும் வினவார். இப்பணியைச் செய்து முடிப்போர் கற்றோர் என்பதை அவர் அழுத்திக் கூறினார்.

இருபதாம் நூற்றாண்டு இத்தாலியில் எழுந்த கொள்கையைப் பழந்தமிழ்க் காப்பியத்தின்மேல் ஏற்றல் தகுமோ என்பார்க்கு ஒன்று கூறுவோம். அச்சுப்பொறியும் கட்சியும் பொதுப்பள்ளியும் உள்ள சமுதாயத்தை நோக்கியே கிராம்சி எழுதினார். அவர் கூறிய முழுநிலை இளங்கோவடிகள் காலத்தில் இருந்தது என்று யாம் கூறவில்லை. அடக்குதற்கும் இசைவிப்பதற்கும் உள்ள வேறுபாடு காப்பியத்தின் நிகழ்ச்சி அமைப்பிலேயே உள்ளது என்பதே எம் கூற்று. செங்குட்டுவனின் வடநாட்டுச் செலவு வரலாற்று நிகழ்ச்சியா என்பதும் இவ்வாராய்ச்சிக்கு வேண்டுவதன்று. பரணர் பாடிய பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துப் பாடல்கள் கண்ணகிக்குக் கல்லெடுத்த செய்தியைக் கூறவில்லை. பின்னர்ச் சேர்ந்த பதிகமே அதனைக் கூறுகின்றது. காப்பியம் அந்நிகழ்ச்சியை எவ்வாறு சிந்தித்தது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

3. குன்றவர் கண்ட தெய்வம்

வஞ்சிக்காண்டத்தின் ஏழு பகுதிகளுள் முதலாவது குன்றக்குரவை. தினைப்புனம் காக்கும் குறவர் வேங்கை மரநிழலில் ஒரு முலை இழந்து நின்ற பெண்ணைக் கண்டனர். அவள் கணவனோடு விண்ணேறியதையும் கண்டனர். கண்ட அளவில், இவள் நம் குலத்துக்குத் தெய்வம் ஆவாள் எனத் துணிந்து, தம் பறைகளை முழக்கிக் குரவை ஆடினர். அங்கு அரசன் இல்லை, அந்தணன் இல்லை, வடித்த கல்லும் இல்லை. கண்ணகி வழிபாடு சேரநாட்டில் மலைவாழ் மக்கள் தாமே தொடங்கிய வழிபாடாகவே தோன்றுகின்றது.

அடுத்துவரும் காட்சிக்காதையில், பேரியாற்றங்கரையில் தங்கிய செங்குட்டுவனிடம் இக்குன்றவர் மலைபடுபொருள்களைத் திறையாகச் சுமந்துவந்து, தாம் கண்ட வியப்பைக் கூறுகின்றனர். உடனிருந்த சாத்தனார் கண்ணகியின் வரலாற்றை விளக்குகின்றார். உயிர்நீத்த பாண்டிமாதேவியும் கண்ணகியும் ஆகிய இருவருள் வியத்தற்குரியார் யார் என அரசன் வினவ, தேவி வேண்மாள், நம் நாடு அடைந்த பத்தினியைப் பரவுதல் வேண்டும் என்கின்றாள். நிகழ்ச்சிகளின் வரிசையை உற்று நோக்குக. மக்கள் கண்டனர், புலவர் பொருள் உரைத்தார், தேவி தகுதி வழங்கினாள், அரசன் செயலில் இறங்கினான். மக்களின் நம்பிக்கை படிப்படியாக அரண்மனையின் நம்பிக்கை ஆகின்றது. ஆளப்படுவோர் பொருளை ஆள்வோர் எடுத்துத் தமதாக்குதல் என்று கிராம்சி விளக்கியதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

4. வாளின் எல்லை

கல் எங்கிருந்து கொணர்வது என்னும் வினா எழுகின்றது. பொதியிற் கல்லும் ஆம். இமயக் கல்லும் ஆம். காவிரி நீரும் தகும். கங்கை நீரும் தகும் என்பது கற்றோர் கருத்து. அருகில் உள்ளதை எடுத்தல் தன் மறக்குடிக்குச் சிறப்பன்று எனச் செங்குட்டுவன் பொதியிலை விலக்குகின்றான். வழிபாட்டுக்கு வேண்டியது கல். அரசனுக்கு வேண்டியதோ இமயம். இவ்விரண்டும் வேறு என்பதை இளங்கோவடிகள் இங்கேயே உணர்த்திவிடுகின்றார்.

இக்காதையிலேயே அமைச்சன் வில்லவன் கோதை, வடவேந்தர்க்கு விடுக்கும் ஓலையில் வில், கயல், புலி ஆகிய மூன்று பொறிகளையும் இடுக என்கின்றான். மூவேந்தர்க்கும் தான் தலைவன் என்னும் உரிமையைச் சேரன் மேற்கொள்ள இருக்கின்றான் என்பது இதனாற் பெறப்படும். ஏனை இருவரும் அதற்கு இசைந்தனரா என்பது பற்றிக் காப்பியம் இவ்விடத்து ஒன்றும் கூறவில்லை. அவ்வினாவிற்குரிய விடையைப் பின்னர் வரும் காதைக்கு ஒதுக்கிவைக்கின்றது.

கால்கோட்காதையில், இதுகாறும் போதிய கவனம் பெறாத ஒரு நிகழ்ச்சி உண்டு. நட்புடைய நூற்றுவர் கன்னர், தூதன் சஞ்சயன் வாயிலாக ஒரு செய்தி விடுக்கின்றனர். சேரன் வருவது ஒரு கல்லின் பொருட்டாயின், இமயத்தினின்று கல் எடுத்துக் கங்கையில் நீராட்டித் தாமே தந்துவிடும் ஆற்றல் தமக்கு உண்டு என்பது அச்செய்தி. அதனை ஏற்றிருப்பின், ஒருவர் குருதியும் சிந்தாமல் இமயக் கல் வஞ்சி வந்து சேர்ந்திருக்கும். செங்குட்டுவன் ஏற்கவில்லை. கனகனும் விசயனும் தமிழர் ஆற்றல் அறியாது நாகாவாது இகழ்ந்தனர். அவர்க்கு அதனை அறிவித்தற்கே இச்சேனை செல்கின்றது என்று விடையிறுக்கின்றான். கங்கையைக் கடக்கக் கலங்களை மட்டும் அவர்களிடம் கேட்கின்றான். இசைவால் எய்துவதை வேண்டாது வாளால் எய்துவதை விரும்பியவனாக அவனைக் காப்பியம் இங்கு ஐயத்துக்கு இடமின்றி நிறுத்துகின்றது.

போர் பதினெண் நாழிகையில் முடிகின்றது. தவக்கோலம் பூண்டு தப்ப முயன்ற கனகவிசயர் பிடிபடுகின்றனர். அவர் முடித்தலையிற் கல் ஏற்றப்படுகின்றது. அவர்களைச் சோழ பாண்டியர்க்குக் காட்டி வருமாறு அரசன் கஞ்சுகரை அனுப்புகின்றான். வென்றவன் தன் வெற்றியைப் பிறர் கண்டு ஒப்புதல் வேண்டுமென விழைந்தான் என்பதன்றி இதற்கு வேறு பொருள் இல்லை. முப்பொறியின் வழியே அவன் கோரிய தலைமை இங்கு நேர்முகமாக ஆராயப்படுகின்றது.

அவ்வொப்புதல் கிடைத்ததா? நடுகற்காதையில் நீலன் வந்து கூறும் செய்தி இதற்கு விடை. போர்க்களத்தில் வாளையும் குடையையும் விட்டுத் தவக்கோலத்தில் ஓடியோரைப் பற்றியது வெற்றி ஆகாது என்றான் சோழன். தவக்கோலம் கொண்டார்மேற் சினந்த சினம் புதுமையாயிருந்தது என்னும் கருத்துப்பட உரைத்தான் பாண்டியன். இமயம்வரை சென்ற வாள் உறையூரிலும் மதுரையிலும் ஒரு நன்மொழியைப் பெற்றுத்தர இயலவில்லை. செங்குட்டுவன் கண் சிவந்து நகைக்கின்றான். அவ்வெகுளியை ஆற்றலின் அடையாளமாகக் கொள்ளலாகாது. தன் ஆற்றலின் எல்லையைக் கண்டவனின் வெகுளியாகவே கொள்ளல் வேண்டும். மேடைகளில் பெருமையாகப் பேசப்படும் கனகவிசயர் நிகழ்ச்சியைக் காப்பியமே சோழன் வாயிலாகவும் பாண்டியன் வாயிலாகவும் திறனாய்ந்துவிட்டது. அத்திறனாய்வுக்குச் செங்குட்டுவனிடம் வாளன்றி வேறு மறுமொழி இல்லை.

5. மாடலன் கற்பித்த ஆட்சி

மேலும் ஒரு போர் மூளும் நிலையில் மாடலன் இடைபுகுகின்றான். ஆண்டுகள் ஐம்பது கடந்தும் மறக்களவேள்வியே செய்தாய். அறக்களவேள்வி செய்திலை என்று அவன் இடித்துரைக்கின்றான். முன்னோர் புகழையும் யாக்கை, இளமை, செல்வம் என்பவற்றின் நிலையாமையையும் எடுத்துக்காட்டுகின்றான். அதன்பின் நிகழ்வன மூன்று. ஆரிய மன்னர் சிறைவீடு பெற்று வேளாவிக்கோ மாளிகையில் மதிப்புடன் வைக்கப்படுகின்றனர். ஏனைச் சிறைக்கோட்டங்களும் திறக்கப்படுகின்றன. நாட்டின் இறை விலக்கப்படுகின்றது. அழும்பில் வேளும் ஆயக்கணக்கரும் இதன்பொருட்டு அனுப்பப்படுகின்றனர். ஆள்வோர் தம் நலங்களுட் சிலவற்றை விட்டுக்கொடுத்து இசைவை ஈட்டுதல் என்பது இதுவே.

அதன் பயன் வரந்தருகாதையில் விளங்குகின்றது. பத்தினிக் கோட்டத்தின்முன் சிறைநீங்கிய ஆரிய மன்னரும், குடகக் கொங்கரும், மாளுவ வேந்தரும், கடல்சூழ் இலங்கைக் கயவாகுவும் நிற்கின்றனர். தம்தம் நாட்டிலும் எழுந்தருளுமாறு அவர்களே தெய்வத்தை வேண்டுகின்றனர். வரந்தந்தேன் என ஒரு குரல் எழுகின்றது. நேற்றுக் கல்சுமந்த வேந்தர் இன்று அக்கல்லையே தொழுகின்றனர். திறையாகக் கேட்டுப் பெறாததை அவர் வரமாகக் கேட்கின்றனர். உரைபெறு கட்டுரையோ இன்னும் ஒருபடி மேற்செல்கின்றது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியனும் உறையூரிலிருந்த பெருங்கிள்ளியும் பத்தினிக்கு வழிபாடு செய்ததை அது பதிவு செய்கின்றது. வெற்றிச் செய்தியை ஏற்க மறுத்த இரு குடிகளும் தெய்வத்தை ஏற்றுக்கொண்டன. அக்கட்டுரை பிற்சேர்க்கை எனக் கருதுவார் உளர். பிற்சேர்க்கையே ஆயினும், காப்பியத்தின் போக்கை நன்குணர்ந்தார் ஒருவர் சேர்த்தது என்பதில் ஐயமில்லை.

கண்ணகி விண்ணேறியதோடு காப்பியம் முடிந்திருக்கலாம். வஞ்சிக்காண்டம் மிகை என்பாரும் உண்டு. மேற்கூறிய அமைப்பை நோக்கின் அக்கருத்துப் பொருந்தாமை விளங்கும். முறைதவறிய ஆட்சி அழிதலை மதுரைக்காண்டம் காட்டிற்று. ஆட்சி எதனால் நிலைபெறும் என்பதை வஞ்சிக்காண்டம் காட்டுகின்றது.

6. இசைவின் விலை

இம்மட்டோடு நின்றால் எம் ஆராய்ச்சி மாடலன் பக்கமே நின்றதாகும். வன்மை தீது, இசைவு நன்று என்று முடித்துவிடுதல் எளிது. காப்பியம் அவ்வாறு முடிக்க இடந்தரவில்லை. மூன்று செய்திகளை நோக்குக.

முதலாவது, குன்றவர். முதன்முதற் கண்டவரும் தொழுதவரும் அவரே. வரந்தருகாதையில் தெய்வத்தின்முன் நிற்போர் பட்டியலில் அவர் இல்லை. வேந்தர் உளர், அந்தணன் உளன், தேவந்தி உளள். வழிபாடு பெரிதாயிற்று, தொடங்கியவர் பெயர் அதனின்று நீங்கிற்று.

இரண்டாவது, பொற்கொல்லர். பாண்டியநாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கொன்று களவேள்வி செய்தான் என்பது உரைபெறு கட்டுரையிலும் மாடலன் கூற்றாக நீர்ப்படைக்காதையிலும் வருகின்றது. குற்றம் செய்தவன் ஒருவன், கொல்லப்பட்டோர் ஆயிரவர். ஆராயாது ஒருவனைக் கொன்ற மன்னனுக்கு எதிராக எழுந்த கண்ணகியின் பெயராலேயே ஆயிரவர் ஆராயப்படாது கொல்லப்பட்டனர். இதனைக் கூறும் மாடலனும் கேட்கும் அரசனும் ஒரு சொல்லாலும் வருந்தவில்லை. எல்லார்க்கும் ஒத்த கருத்து என்று ஒன்று நிலைபெற்றபின், அதனாற் கெட்டவர் கண்ணுக்குப் படுவதில்லை.

மூன்றாவது, கண்ணகியே. வாழ்த்துக்காதையில் தெய்வவடிவிற் காட்சிதரும் அவள், பாண்டியன் தீதிலன் என்றும், தான் அவன் மகள் என்றும் உரைக்கின்றாள். அரசவையில் நின்று, தேரா மன்னனே என்று விளித்தவள் அவள். மதுரை எரிந்தது அவள் சினத்தால். அச்சினம் இங்கு உறவாக மாறி அடங்குகின்றது. அருளால் மன்னித்தாள் என்பர் சிலர். அப்பொருளை யாம் மறுக்கவில்லை. எனினும், அரசின் தவற்றுக்குச் சான்றாக நின்ற ஒருத்தியின் வாயினின்றே அரசு தன் குற்றமின்மைக்குச் சான்று பெறுகின்றது என்பதையும் மறைத்தற்கில்லை. எதிர்த்தோரை அழிப்பதினும் அவரைத் தன் மகளாக்கிக் கொள்ளுதல் ஆட்சிக்கு அரண் செய்யும். அவ்வாறாயினும், வெல்வேலான் குன்றில் ஆடும் விளையாட்டினை அகலேன் என்றும் அவள் உடன் கூறுகின்றாள். வஞ்சியின் கோட்டத்துள் முற்றும் அடங்காத ஒரு கண்ணகியைக் குன்றிலும் இளங்கோவடிகள் எஞ்சவிட்டார் எனக் கொள்ளுதல் மிகையாகாது.

7. கடல் கடந்த சான்று

கயவாகு பற்றிய செய்தி இவ்வாராய்ச்சிக்கு மேலும் துணைசெய்யும். சிலப்பதிகாரத்தில் அவன் வஞ்சிக்கு வந்து தொழுது வரம் பெற்றுச் செல்லும் விருந்தினன். இலங்கையின் மகாவம்சம் கயவாகுவைக் கூறினும் பத்தினி வழிபாட்டைக் கூறவில்லை. பிற்காலத்ததாகிய இராசாவலிய என்னும் சிங்கள நூலிலோ, அவன் சோழநாடு புகுந்து, சிறைப்பட்டிருந்த பன்னீராயிரவரை மீட்டு, அவரினும் பன்னீராயிரவரை மிகையாகக் கொண்டு, பத்தினியின் சிலம்புகளையும் எடுத்துச் சென்ற வெற்றி வீரன். ஒரே தெய்வத்தின் வரவு ஒரு நாட்டில் அருளாகவும் பிறிதொரு நாட்டில் வெற்றிப்பொருளாகவும் பேசப்படுகின்றது. தாழ்ந்து பெற்றோம் என எந்நாடும் கூற விரும்புவதில்லை. எனவே, இசைவு என்பதும் ஒருமுறை அளித்து முடிந்துவிடுவது அன்று. பெற்றவர் அதனைத் தமக்கேற்பத் திருத்திக்கொள்வர். பேராசிரியர் கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூல் இலங்கையிற் பத்தினி வழிபாடு பௌத்தரிடையிலும் இந்துக்களிடையிலும் பெற்ற வடிவங்களை விரிவாக ஆராய்கின்றது. மட்டக்களப்புத் தமிழரிடையே கண்ணகியம்மன் வழிபாடு இன்றும் வைகாசியிற் சிறப்புற நிகழ்கின்றது. சேரரின் வாள் எப்போதோ துருவேறிப் போயிற்று. மக்கள் தமதாக்கிக்கொண்ட வழிபாடு நிலைத்துள்ளது.

8. இக்கால அரசியலும் பண்பாடும்

உலக அரசியலுக்கு இக்கருத்தை விரித்தவர்களுள் இராபர்ட் காக்சு குறிப்பிடத்தக்கவர். 1983இல் எழுதிய கட்டுரையில், வலிய நாடு தன் படையால் மட்டும் தலைமை எய்துவதில்லை. பிற நாடுகள் பொதுநலம் என ஏற்கும் நிறுவனங்கள் வழியாகவும் எய்துகின்றது என அவர் காட்டினார். 1944இல் பிரெட்டன் வுட்சு என்னும் இடத்தில் நாற்பத்து நான்கு நாடுகள் கூடி உலகப் பணமுறையை வகுத்தமை இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்க டாலர் அதன் நடுநாயகமாயிற்று. அதனைப் பிற நாடுகள் ஒப்பந்தத்தால் ஏற்றன. 1971இல் டாலரைப் பொன்னாக மாற்றித்தரும் உறுதியை அமெரிக்கா தானே கைவிட்டபோது, இசைந்தோரைக் கேட்டு அது செய்யப்படவில்லை. வரம் தருவார் வரத்தை மீட்கவும் வல்லார் என்பது இதனாற் போதரும்.

நம் நாட்டின் அயலாட்சி இத்தகைய இசைவைப் பெற்றதா என்பதில் அறிஞர்க்குள் வேறுபாடு உண்டு. இரணஜித் குகா 1997இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலேயர் ஆட்சியில் வற்புறுத்தலே இசைவிப்பை விஞ்சி நின்றது. ஆதலின் அது மேலாதிக்கம் எய்தாத அடக்காட்சி என வாதிட்டார். அரசியலில் அது பெரிதும் உண்மை. கல்வியில் அவ்வாறு கூறிவிட இயலுமோ என்பது எம் ஐயம். 1835ஆம் ஆண்டு பிப்பிரவரி 2ஆம் நாள் மெக்காலே எழுதிய குறிப்பு, குருதியால் இந்தியராயும் சுவையாலும் கருத்தாலும் ஆங்கிலராயும் உள்ள ஒரு வகுப்பாரை உண்டாக்க முனைந்தது. ஆங்கில இலக்கியம் ஒரு பாடமாக வளர்ந்தது இங்கிலாந்தினும் முற்பட இந்தியாவிலே என்பதைக் கௌரி விசுவநாதன் 1989இல் விளக்கினார். ஆட்சி நீங்கியபின்னும், எது உயர்ந்த இலக்கியம் என்னும் அளவுகோல் நீங்கவில்லை. வாள் நீங்கியபின்னும் எஞ்சுவதே இசைவின் வலிமை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வஞ்சிக்காண்டம் வெற்றிப்பாட்டு மட்டுமன்று. வெற்றியின் போதாமையைக் காட்டி, இசைவின் ஆற்றலை விளக்கி, அவ்விசைவால் மறைக்கப்பட்டோரின் சுவடுகளையும் அழியாது வைத்துள்ள பகுதி என்பது பெறப்படும்.

இனி, தொடக்கத்தில் எண்ணிய கலைச்சொல்லுக்கு வருவோம். ‘இசைவாட்சி’ என்னும் சொல் கிராம்சி கருத்தின் ஒரு பாதியைத் தெளிவுறக் காட்டும். ஆயினும், பொற்கொல்லர் ஆயிரவரையும் பட்டியலில் இடம்பெறாத குன்றவரையும் எண்ணிப் பார்த்தபின், அவ்வினிய சொல்லை வழங்க யாம் தயங்குகின்றோம். இசைவு என்னும் சொல் இசையாதாரை மறக்கச் செய்யும். ‘மேலாதிக்கம்’ என்னும் பழகிய சொல்லே, மேல் என்றும் ஆதிக்கம் என்றும் தன் இயல்பை மறையாது நிற்கின்றது. ஆதலின், அச்சொல்லையே கொண்டு, இசைவும் அதன் உட்பொருளாதலை உரையால் விளக்கிச் செல்லுதல் நன்று எனக் கருதுகின்றோம். இதனினும் பொருந்திய சொல்லை அறிஞர் கூறுவாராயின் ஏற்போம்.

பிறிதொன்றும் கூறற்பாலது. குன்றவர் கண்டதற்குப் பொருளுரைத்த சாத்தனாரும், வேந்தனுக்கு வழிகாட்டிய மாடலனும் கற்றோர். இலக்கியம் கற்பிக்கும் நாமும் அவ்வரிசையினரே. எப்பகுதியைப் பாடமாக வைக்கின்றோம், எதனைப் பெருமையாக உரைக்கின்றோம், எதனைக் கூறாது கடக்கின்றோம் என்பவற்றால் நாமும் இசைவை உண்டாக்குகின்றோம். கனகவிசயர் தலையில் ஏறிய கல்லை மாணவர்க்குக் காட்டிய யாம், அக்கல்லைக் கேளாமலே தந்திருக்கக் கூடிய நூற்றுவர் கன்னரை அவர்க்குக் காட்டியதில்லை. குரவையாடிய குன்றவர் பின்னர் எங்குச் சென்றனர் என எந்த மாணவரும் எம்மை வினவியதில்லை. வினவுமாறு யாம் கற்பிக்கவும் இல்லை. வரும் ஆண்டு வஞ்சிக்காண்டத்தை அவ்வினாவிலிருந்தே தொடங்க எண்ணியுள்ளோம்.